கேள்வி-பதில்: பயணத்தின் நடுவே ஒரு ரியாலிட்டி ஷோ படப்பிடிப்பு

ஊர் சுற்றப் போன இடத்தில் கேமராவும் ஓட்டமுமாக ஒரு போட்டி நிகழ்ச்சி எதிரே வந்துவிட்டால் எப்படி நடந்துகொள்வது என்று வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம். உதாரணங்களில் 'தி அமேசிங் ரேஸ்' அடிக்கடி வரும். இருவர் இருவராகச் சேர்ந்த ஜோடிகள் பல நாடுகள் வழியாகக் கட்டம் கட்டமாக ஓடும், பெரும்பாலான கட்டங்களில் கடைசியாக வரும் ஜோடி வெளியேறும் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி அது. மூடிய அரங்கில் நடப்பதில்லை. ரயில் நிலையம், சந்தை, கோட்டை என்று பொது இடங்களில் கூட்டத்துக்கு நடுவே ஓடும் போட்டி என்பதால், பயணிகள் எதிர்ப்பட அதிக வாய்ப்புள்ள நிகழ்ச்சி அதுதான்.

கேள்வி: கேமராவைக் கண்டால் சினிமாவா, விளம்பரமா, யூடியூப்காரரா என்றே தெரிவதில்லை. போட்டி நிகழ்ச்சி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

'டேக்' இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சினிமாவில் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுப்பார்கள். 'ஆக்‌ஷன்', 'கட்' என்று குரல் கேட்கும். விளக்கும் ரிஃப்ளெக்டரும் நிற்கும். போட்டி நிகழ்ச்சியில் இவை எதுவும் இருக்காது. முதுகுப் பையோடு இரண்டு பேர் ஓடுவார்கள். அவர்கள் பின்னாலேயே தோளில் கேமராவோடு ஒருவரும், இடுப்பில் ஒலிக்கருவிப் பையும் கையில் பூம் மைக்குமாக (நீண்ட கம்பின் நுனியில் உள்ள மைக்) இன்னொருவரும் ஓடுவார்கள். ஓடுகிறவரின் இடுப்புக்குப் பின்னால் சீட்டுக்கட்டு அளவில் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தால் அது வயர்லெஸ் மைக்கின் டிரான்ஸ்மிட்டர். அதன் ஒயர் சட்டைக்குள் ஏறி, நெஞ்சருகே உள்ள சின்ன மைக்கில் முடியும்.

ஓடுகிறவர்களை விட்டுவிட்டு இடத்தைக் கவனித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரே மாதிரியான மேஜை, ஒரே பொருட்கள், ஒரே எண்ணிக்கையில் ஐந்தாறு வரிசைகள் ஆளில்லாமல் காத்திருக்கும். பக்கத்தில் உள்ளூர் உடையில் ஒருவர் பேசாமல் நிற்பார். டாஸ்க் சரியாக முடிந்ததா என்று தீர்ப்புச் சொல்கிறவர் அவர். சற்றுத் தள்ளி வாக்கி-டாக்கியோடு இரண்டு மூன்று பேர் யாரையோ எதிர்பார்த்து நிற்பார்கள். 'தி அமேசிங் ரேஸ்' என்றால் அடுத்து எங்கே போவது, என்ன செய்வது என்ற குறிப்பு இருக்கும் க்ளூ பெட்டியருகே மஞ்சளும் சிவப்புமான கொடி இருக்கும். வியட்நாமில் நடந்த கட்டங்களில் மஞ்சளும் வெள்ளையுமான கொடியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மஞ்சள்-சிவப்பு அங்கே பழைய தென் வியட்நாம் கொடியை நினைவுபடுத்தும் என்பதுதான் காரணம்.

கேள்வி: போட்டியாளர் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்து என்னிடம் வழி கேட்டால் சொல்லலாமா? போனைக் கொடுங்கள் என்றால் கொடுக்கலாமா? போட்டி கெட்டுவிடாதா?

வழி சொல்லலாம், கெடாது. முன்பின் தெரியாதவர்களிடம் உதவி கேட்டுப் பெறுவது இந்த வகைப் போட்டியில் விளையாட்டின் ஒரு பகுதி. போட்டியாளர்கள் சொந்தப் போன் வைத்துக்கொள்ள முடியாது. அதனால் எதிரில் வருகிறவரிடம் கேட்பதும், அவர் போனில் தேடிப் பார்ப்பதும் திரையிலேயே பல முறை வந்த காட்சிகள்.

எப்படிச் சொல்வது என்பதுதான் முக்கியம். அவசரத்தில் இருப்பவருக்கு 'நேராகப் போய் அப்புறம் திரும்புங்கள்' என்பது பயன்படாது. மூன்று விஷயம் சொன்னால் போதும்: எத்தனையாவது திருப்பம், திருப்பத்தில் கண்ணில் படும் அடையாளம் என்ன, நடந்தால் ஏறக்குறைய எத்தனை நிமிடம். 'இரண்டாவது சிக்னலில் இடது, மூலையில் மணிக்கூண்டு, ஐந்து நிமிடம்' என்றால் அவர் மனதில் நிற்கும். தெரியாவிட்டால் 'தெரியாது' என்று உடனே சொல்லிவிடுங்கள். வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று நினைத்து ஊகத்தில் கை காட்டுவதுதான் இந்த இடத்தில் நடக்கிற பெரிய தவறு. அந்த ஐந்து நிமிடத் தவறு ஒரு ஜோடியை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். நீங்களே அந்த ஊருக்குப் புதியவர் என்றால் அதையும் சொல்லி, பக்கத்தில் உள்ள கடைக்காரரைக் காட்டிவிடுங்கள்.

போனைத் திறந்து கையில் கொடுக்காதீர்கள். அவர் தேட வேண்டியதை நீங்களே தட்டி, திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினால் போதும். நல்லவர்தான் என்றாலும் ஓட்டத்தில் போனோடு போய்விடக்கூடும். தவிர, உங்கள் திரை கேமராவில் பதிவாகிக்கொண்டிருக்கும். மேலே வந்து விழும் செய்திகளும் பெயர்களும் அதில் தெரியும் என்பதால், அறிவிப்புகளை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

'எங்களோடு வந்து வழி காட்டுங்களேன்' என்றும் கேட்பார்கள். போகலாம். ஆனால் டாக்ஸியில் ஏறுமுன் எண்ணிப் பாருங்கள்: போட்டியாளர் இருவர், கேமராக்காரர், ஒலிப்பதிவாளர், ஓட்டுநர். ஐந்து பேர் உட்காரும் கார் அதிலேயே நிறைந்துவிடும். சீட் பெல்ட் இல்லாத இடத்தில் உட்கார்ந்து போகாதீர்கள். திரும்பி வருவது உங்கள் செலவு, உங்கள் பொறுப்பு. உங்கள் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ அவர்களை ஏற்றுவது வேண்டவே வேண்டாம். விபத்து என்று வந்தால் காப்பீட்டுக் கேள்விகளெல்லாம் உங்கள் தலையில் விழும்.

கேமராக்காரரிடம் எதுவும் கேட்காதீர்கள். அவர் பதில் சொல்லாதது திமிரால் அல்ல. படப்பிடிப்புக் குழுவினர் போட்டியாளருக்கு உதவக் கூடாது. 'ஆமாம், அந்தப் பக்கம்தான்' என்று தலையசைத்தாலே ஒரு ஜோடிக்குச் சாதகமாகிவிடும்.

கேள்வி: வரிசையில் எங்களை முந்திப் போக விடும்படி கேட்டால் விட்டுத்தான் ஆகவேண்டுமா?

கட்டாயமில்லை. டிக்கெட் கவுன்டரில் நீங்களும் அவர்களும் ஒன்றுதான். கேட்பது அவர்கள் உரிமை, மறுப்பது உங்கள் உரிமை. ஒன்று நினைவிருக்கட்டும். கேமராக்காரரும் ஒலிப்பதிவாளரும் கூடவே பயணம் செய்வதால் ஒவ்வொரு ஜோடிக்கும் நான்கு இடங்கள் தேவை. விமானத்திலோ பேருந்திலோ நீங்கள் ஒரு இடம் விட்டுக்கொடுப்பதால் அவர்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. உங்கள் பயணம்தான் கெடும்.

பணம் கேட்டாலும் இதே பதில்தான். 'தி அமேசிங் ரேஸ்' பழைய சீசன்கள் சிலவற்றில், கடைசியாக வந்தும் வெளியேறாமல் தப்பிய ஜோடியின் பணத்தை வாங்கிக்கொண்டு விடுவார்கள். அவர்கள் வழிப்போக்கர்களிடம் கேட்டுத் தேற்ற வேண்டியிருக்கும். கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். கேமரா பார்க்கிறதே என்பதற்காகப் பர்ஸைத் திறக்க வேண்டாம். டாக்ஸி ஓட்டுகிறவர்கள் மட்டும் கூலியை விட்டுக்கொடுக்கக் கூடாது. வாடகையைச் சரியாகக் கொடுக்காமல் கட்டம் முடியும் இடத்தில் விரித்திருக்கும் கம்பளத்தில் வந்து நின்ற ஜோடிகளை, திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வரும்படி அனுப்பியிருக்கிறார்கள்.

கேள்வி: நானும் என் பத்து வயது மகளும் பின்னணியில் பதிவாகிவிட்டோம். ஒரு பெண் வந்து படிவத்தில் கையெழுத்துக் கேட்டார். படித்துப் பார்க்க நேரமில்லாமல் போட்டுவிட்டேன். எதற்குச் சம்மதித்தேன்?

அதைத்தான் ரிலீஸ் ஃபார்ம் என்பார்கள். உங்கள் உருவத்தையும் குரலையும் பயன்படுத்திக்கொள்ள நீங்கள் தரும் ஒப்புதல் அது. சாதாரணமாக அதில் இருப்பவை: உலகம் முழுவதும், எல்லா ஊடகங்களிலும், காலவரையின்றிப் பயன்படுத்தலாம், விருப்பப்படி வெட்டி ஒட்டலாம், இதற்காகப் பணம் கேட்க மாட்டேன், பின்னால் வழக்குப் போட மாட்டேன். கையெழுத்து வாங்கியபின், படிவத்தை முகத்தருகே பிடிக்கச் சொல்லி ஒரு போட்டோ எடுத்திருப்பார்கள். எந்தக் காகிதம் எந்த முகத்துக்கு என்று பிறகு எடிட்டிங் அறையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக.

அடுத்த முறை கையெழுத்துப் போடுமுன் நான்கு இடங்களைத் தேடிப் படியுங்கள். நிறுவனத்தின் பெயர், தொடர்புகொள்ளும் வழி இரண்டும் இருக்கிறதா? வெட்டி ஒட்டுவதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது? சாதாரண ஒப்புதல் ஒன்று. 'என்னைக் கற்பனையாகவோ கேலியாகவோ சித்திரிக்கலாம்' என்ற வரி இருந்தால் அது வேறு. ரகசியம் காப்பேன் என்ற வாக்குறுதி இருக்கிறதா? கடைசியாக, நீங்கள் பேசாத மொழியில் இருந்தால் வாய்மொழியாகவாவது மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் கையெழுத்தும் முடியாது என்று சொல்லிவிடலாம். போட்ட காகிதத்தை உங்கள் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நகல் கொடுங்கள் என்று கேட்டால் அந்த அவசரத்தில் கிடைக்காது.

உங்கள் மகளைப் பொறுத்தவரை, குழந்தைகளுக்குப் பெற்றோரோ காப்பாளரோதான் கையெழுத்திட வேண்டும். உங்கள் படிவத்தில் அவள் பெயரும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவளுக்காக நீங்கள் ஒப்புதல் தரவில்லை. இப்போது மனம் மாறியிருந்தால் காத்திருக்காமல் அந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள். தேதி, இடம், ஏறக்குறைய எத்தனை மணி, நீங்கள் இருவரும் போட்டிருந்த உடையின் நிறம் இவ்வளவும் இருந்தால்தான் மணிக்கணக்கில் ஓடும் பதிவில் உங்களைத் தேடிப் பிடித்து முகத்தை மங்கலாக்க முடியும். எடிட்டிங் முடிந்த பிறகு கேட்டால் செய்வது மிகக் கடினம். சிறுமியின் முகம் என்றால் தயங்காமல் கேளுங்கள்.

கூட்டமான இடத்தில் ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்க முடியாது. அங்கே 'இந்தப் பகுதிக்குள் நுழைந்தால் படம்பிடிக்கப்படச் சம்மதித்ததாகக் கருதப்படும்' என்று நுழைவிடத்தில் பலகை வைப்பார்கள். அது எந்த அளவு செல்லும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் பொது இடத்தில் படமெடுப்பதற்குத் தாராளமாக இடமுண்டு. பிரான்ஸில் தன் உருவத்தின் மீது ஒருவருக்கு உள்ள உரிமையைச் சட்டம் வலுவாகப் பாதுகாக்கிறது. எந்த நாடாக இருந்தாலும், வேண்டாம் என்றால் படிவங்களைக் கிளிப்போர்டில் வைத்துக் கையெழுத்து வாங்குகிறவரிடம் அங்கேயே சொல்லிவிடுவதுதான் நல்லது.

கேள்வி: நான் எடுத்த படங்களை உடனே இன்ஸ்டாகிராமில் போடலாமா? நான் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லையே.

படம் எடுப்பது வேறு, போடுவது வேறு. பொது இடத்தில் எடுப்பதைப் பெரும்பாலான நாடுகள் தடுப்பதில்லை. விமான நிலையப் பாதுகாப்புச் சோதனை, எல்லைச் சாவடி, ராணுவப் பகுதி, படமெடுக்கத் தடையுள்ள வழிபாட்டு இடம் ஆகியவற்றில் நிகழ்ச்சி நடந்தாலும் அந்தத் தடை உங்களுக்கு அப்படியே இருக்கும். அவர்கள் தனி அனுமதி வாங்கியிருப்பார்கள். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். கேமராவுக்கும் போட்டியாளருக்கும் நடுவே போகாதீர்கள்.

உடனே போடாதீர்கள் என்றுதான் சொல்வோம். இதில் நாங்கள் பிடிவாதமாகவே இருக்கிறோம். முடிவு முன்கூட்டியே கசிந்துவிடும் என்பது எல்லோரும் சொல்லும் காரணம், அது உண்மைதான். யார் எந்த ஊரில் ஓடினார்கள் என்று தெரிந்தாலே, அந்தப் படத்தில் இல்லாத ஜோடி அதற்குமுன் வெளியேறிவிட்டது என்று ரசிகர்கள் கணக்குப் போட்டுவிடுவார்கள். எடுப்பதற்கும் ஒளிபரப்புவதற்கும் இடையே பல மாதங்கள் ஆகும். 'தி அமேசிங் ரேஸ்' 33-ஆவது சீசன் 2020 பிப்ரவரியில் தொடங்கி, கொரோனாவால் பாதியில் நின்று, 2021 செப்டம்பரில் தொடர்ந்து, 2022 ஜனவரியில்தான் ஒளிபரப்பானது. அவ்வளவு காலமும் போட்டியாளர்கள் வீட்டாரிடம்கூட முடிவைச் சொல்லாமல் இருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. போட்டி அந்த நிமிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. பின்னால் வரும் ஜோடி இன்னொரு வழிப்போக்கரின் போனில் இடத்தைத் தேடுகிறது. நீங்கள் பத்து நிமிடத்துக்கு முன் இடக் குறிப்போடு போட்ட படம் அதில் வந்து நின்றால் என்ன ஆகும்? க்ளூவைப் படித்துப் புரிந்துகொண்டு ஓடியவர்கள் முன்னால் சிரமப்பட்டுக்கொண்டிருக்க, பின்னால் வந்தவர்களுக்கு உங்கள் படமே விடையாகிவிடும். நேரலையில் போட்டால் இதைவிட மோசம். அரை மணியில் கூட்டம் கூடிவிடும், கடைசியாக வரும் ஜோடி அந்தக் கூட்டத்தில் சிக்கும். முதலில் வந்தவர்களுக்கு இல்லாத தடை அவர்களுக்கு ஏற்பட்டால் அது நியாயமல்ல.

கையெழுத்திடாதவரை அவர்களுடைய ரகசிய ஒப்பந்தம் பொதுவாக உங்களைக் கட்டுப்படுத்தாது. என்றாலும், ஆட்களை ஆளில்லாத இடத்தில் தங்கவிட்டு நடத்தும் 'சர்வைவர்' என்ற போட்டி நிகழ்ச்சியின் முடிவுகளை ஒளிபரப்புக்கு முன்பே இணையத்தில் வெளியிட்ட ரசிகர் ஒருவர் மீது 2010-இல் அமெரிக்காவில் தயாரிப்புத் தரப்பு வழக்கே தொடர்ந்தது. படங்களைப் பத்திரமாக வைத்திருந்து, அந்த எபிசோடு வெளியான மறுநாள் போடுங்கள். அப்போதுதான் அவற்றைப் பார்க்க ஆட்களும் இருப்பார்கள்.

கேள்வி: யூனிட் ஆள் ஒருவர் வழியை மறித்து, 'போனைக் கொடு, படத்தை அழி' என்றார். அவருக்கு அந்த அதிகாரம் உண்டா?

பொதுச் சாலையை மூடும் அதிகாரம் காவல்துறைக்கும் உள்ளூர் நிர்வாகத்துக்கும்தான். படப்பிடிப்புக் குழுவிடம் இருப்பது அவர்கள் தந்த அனுமதிக் கடிதம். சாலையை மூட அந்தக் கடிதத்தில் இடமிருந்தால் அங்கே காவலரோ போக்குவரத்து ஊழியரோ நிற்பார். மற்றபடி 'கொஞ்சம் நில்லுங்கள்' என்பது வேண்டுகோள்தான். ஹோட்டல், அருங்காட்சியகம், பூங்கா போன்ற இடங்களில் அந்த இடத்துக்காரர் போட்ட நிபந்தனை செல்லும். வெளியே போகச் சொன்னால் போக வேண்டியதுதான். எந்த இடமாக இருந்தாலும், உங்கள் போனைப் பறிக்கவோ உங்கள் கையால் அழிக்க வைக்கவோ யூனிட் ஆளுக்கு அதிகாரம் இல்லை. போனைப் பைக்குள் வைத்துவிட்டு, 'ஒளிபரப்பாகும்வரை வெளியிட மாட்டேன்' என்று அமைதியாகச் சொன்னால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

ரயிலுக்கோ விமானத்துக்கோ நேரமாகிறது என்றால் அவரிடம் வாதாட வேண்டாம். 'லொக்கேஷன் மேனேஜர் எங்கே?' என்று கேளுங்கள். இடம் சம்பந்தமான அனுமதியும் புகாரும் அவர் பொறுப்பு. இரண்டு ஜோடிகள் வருவதற்கு நடுவே இடைவெளி கிடைக்கும். அதில் உங்களை அனுப்பிவைப்பார், அல்லது சுற்று வழி காட்டுவார்.

அவர்கள் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறோம். இங்கே டப்பிங் கிடையாது. போட்டியாளர் அழுதுகொண்டு சொல்லும் ஒரு வாக்கியத்தின்மேல் உங்கள் குரல் விழுந்தால் அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. போனில் பாட்டை நிறுத்தச் சொல்வதும் இதனால்தான். பாட்டுக்கு உரிமை வாங்காமல் ஒளிபரப்ப முடியாது; பேச்சோடு கலந்துவிட்டால் அந்தப் பேச்சையும் சேர்த்து வெட்ட வேண்டியதாகிவிடும். பெரிய பிராண்டு எழுத்து உள்ள டி-ஷர்ட்டைக் கண்டு முகம் சுளிப்பதும் இப்படித்தான். பிறகு அதை ஒவ்வொரு ஃபிரேமாக மங்கலாக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: ஒரு ஜோடி கோட்டை வாசலில் நுழைந்ததை நேரில் பார்த்தேன். சற்று நேரத்தில் அவர்களையே மறுபடி நடக்கவைத்து எடுத்தார்கள். அப்படியானால் எல்லாமே நாடகம்தானா?

அவ்வளவு அவசரமாக முடிவுக்கு வராதீர்கள். தூரத்திலிருந்து வாசலும் ஆட்களும் சேர்ந்து தெரியும் ஷாட்டை, ஓட்டத்தின் போதே எடுத்தால் பின்னால் ஓடும் கேமராக்காரரும் படத்தில் வந்துவிடுவார். அதனால் சில காட்சிகளைப் பிறகு தனியாக எடுப்பது இந்தத் துறையில் வழக்கம். 'சர்வைவர்' தயாரிப்பாளர் மார்க் பர்னெட், சில காட்சிகளை மாற்று ஆட்களை வைத்து மறுபடி எடுத்ததாக 2001-இல் தானே சொன்னார். போட்டி முடிவை அது மாற்றவில்லை என்றும் விளக்கினார்.

பார்க்க வேண்டியது முடிவு மாறுகிறதா என்பதைத்தான். 1950-களில் அமெரிக்க வினாடி-வினா நிகழ்ச்சிகளில் முன்கூட்டியே விடை சொல்லிக்கொடுத்தது அம்பலமான பிறகு, அறிவுத்திறன் போட்டிகளின் முடிவை ரகசியமாக முன்பே தீர்மானித்து மக்களை ஏமாற்றுவதைக் குற்றமாக்கி 1960-இல் அங்கே சட்டமே வந்தது. பெரிய பரிசுத் தொகை உள்ள நிகழ்ச்சிகளில் விதிமுறைகளைக் கவனிக்கத் தனி ஆட்கள் இருப்பதன் பின்னணி இதுதான்.

எடிட்டிங்கில் மாறுவது நேரமும் அழுத்தமும். நாள் முழுக்க ஓடிய ஒரு கட்டம், விளம்பரம் போக முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரையாகச் சுருங்குகிறது. ஆறு மணி நேரம் முந்தியிருந்த ஜோடி, காலையில் திறக்கும் அருங்காட்சியக வாசலில் எல்லோரோடும் ஒன்றாக நிற்பதைப் பார்த்தால் அது சூழ்ச்சி அல்ல. எல்லோரும் சேரும்படி அந்த இடத்தை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்திருப்பார்கள், அது எல்லா ஜோடிகளுக்கும் பொதுவான விதி. ஆனால் இரண்டு ஜோடிகள் தோளோடு தோள் ஓடுவதாகக் காட்டும் காட்சியில், நிஜத்தில் நடுவே ஒரு மணி நேரம் இருந்திருக்கலாம். நேரில் பார்த்தவர் 'பொய்' என்று கோபப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கேள்வி: படகுச் சுற்றுலாவில் தீவு ஒன்றை நெருங்கியபோது காவல் படகு வந்து விரட்டியது. 'சர்வைவர்' எடுக்கிறார்களாம். இறங்கியிருந்தால் என்ன?

இறங்காதது நல்லது. அமெரிக்க 'சர்வைவர்' 2016 முதல் ஃபிஜியின் மாமனூக்கா தீவுகளில் எடுக்கப்படுகிறது. 2021-இல் அர்ஜுன் தொகுத்து வழங்கிய தமிழ் 'சர்வைவர்' சான்சிபாரில் எடுக்கப்பட்டது. பசியும் தனிமையும் இந்தப் போட்டியின் அடிப்படை. இரக்கப்பட்டு ஒரு பிஸ்கட் பொட்டலத்தை வீசினாலும், வாழ்த்துச் சொல்வதாக வெளியுலகச் செய்தி ஒன்றைக் கத்திச் சொன்னாலும், வாங்கியவர்தான் சிக்கலில் மாட்டுவார். மருத்துவ உதவிக்கு அங்கே குழு இருக்கிறது. யாரும் கைவிடப்பட்டுக் கிடக்கவில்லை. படகோட்டியிடம் அன்றைக்கு எந்தக் கரைகள் மூடியிருக்கின்றன என்று கிளம்பும்போதே கேட்டுவிட்டால் பாதி வழியில் திரும்ப வேண்டியிருக்காது.

கேள்வி: எப்போது ஒளிபரப்பாகும், நான் அதில் வருவேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். 'தி அமேசிங் ரேஸ்' முதல் சீசன் 2001 மார்ச்சில் தொடங்கி ஏப்ரலில் எடுத்து முடிக்கப்பட்டது. செப்டம்பர் 5-ஆம் தேதி ஒளிபரப்புத் தொடங்கியது. ஏறக்குறைய அந்த அளவு இடைவெளியை எதிர்பார்க்கலாம். படிவத்தில் உள்ள நிறுவனப் பெயரையும் நிகழ்ச்சிப் பெயரையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். படப்பிடிப்பு நாட்களில் நிகழ்ச்சிக்கு வேறு பெயர் எழுதியிருப்பதும் உண்டு. ரகசியத்துக்காக அப்படிச் செய்வார்கள், நிறுவனத்தின் பெயரைக் கொண்டுதான் தேட வேண்டியிருக்கும். சீசன் அறிவிப்பு வந்ததும் நீங்கள் இருந்த ஊர் எத்தனையாவது எபிசோடில் வருகிறது என்று பாருங்கள். வழி சொன்னவர்களில் மிகச் சிலர்தான் இறுதி வடிவத்தில் இருப்பார்கள். நீங்கள் சொன்ன வழியால் அந்த ஜோடியின் இடம் முன்னேறியிருந்தாலோ பின்தங்கியிருந்தாலோ உங்களுக்கு வாய்ப்பு அதிகம்.